மணமகள் அறையில் ஒலிப் பிரிவு

எங்கள் காரில் ஒரு பம்ப் இருக்கிறது. தண்ணீர் இறைக்கிற பம்ப் இல்லை, காற்று ஊதுகிற பம்ப். காலையில் இன்ஜின் சில்லென்று இருக்கும்போது சாவியைத் திருப்பினால் அது வெளிக்காற்றை இழுத்துப் புகைக்குழாய்க்குள் ஊதும். அப்படி ஊதினால் அரைகுறையாக எரிந்த புகை இன்னொரு முறை எரிந்து, நல்ல பிள்ளையாக வெளியே வருமாம். இன்ஜின் சூடானதும் பம்ப் தானாக நின்றுவிடும். ஊர் நன்மைக்காகவே செய்து வைத்த அந்தப் பம்ப், பதினைந்து வருடம் உழைத்துத் தேய்ந்துபோய், இப்போது ஊதும்போது ஊளையிடுகிறது.

எங்கள் தெரு அமைதியான தெரு என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. வீட்டுக்கு வீடு பவர்லூம். எங்கள் பக்கம் பிறக்கிற குழந்தைகள் அழக் கற்றுக்கொள்வதே தறிச் சத்தத்துக்கு மேல்தான். அப்படிப்பட்ட தெருவிலேயே எங்கள் கார் கிளம்பும்போது ஆட்கள் தறியை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்து பார்த்தார்கள்.

"இன்னா பவுலு, காருக்குள்ள கிரைண்டர் வெச்சி மாவாட்டிகினு போறியா?" என்று அப்பாவைக் கேட்டார் எதிர்வீட்டு எல்லப்பன். எட்டுத் தறி ஓட்டுகிறவர். "பேஜாரா கீதுப்பா. எந்தத் தறியில நூலு அறுந்துச்சின்னே காதுல விழமாட்டேங்குது."

ஒரு நிமிடம்தான். அதற்குப் பிறகு கார் பூனை மாதிரி போகும்.

மெக்கானிக் கமலக்கண்ணன் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "பேரிங் பூட்ச்சி அண்ணே. இந்த மாடல் காரு செய்றதையே நிறுத்திட்டாங்க. புது பம்புக்கு எங்க போவீங்க? ஒரு நிமிசம் கத்திட்டுப் போவட்டும் விடுங்க" என்றார். நாங்களும் விட்டிருப்போம். ஆனால் காரின் பதினைந்து வருடப் பதிவு அந்த மாதத்தோடு முடிகிறது. புதுப்பிக்க வேண்டும் என்றால் முதலில் 'வாகன ஒலி புகை இசைவு மையம்' என்ற இடத்தில் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று வாங்க வேண்டும். இல்லாவிட்டால் கார் பழைய இரும்புக்கு.

அது பழைய இரும்புக்குப் போனால் டயானா அக்காவின் வேலையும் கூடவே போய்விடும். அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே வலது காலில் இரும்புப் பட்டை. பஸ் படி அவளுக்கு உயரம். பெரணமல்லூரில் ஒரு தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சராக வேலை கிடைத்தபோது, பட்டு முதலாளி ஒருவர் கழித்துக் கட்டிய இந்தக் காரை அப்பா வாங்கினார். தினமும் அப்பா கொண்டுபோய் விடுவார். இந்தச் சான்றுக்கு அலைந்ததில் அந்த மாதம் அக்கா இரண்டு மூன்று நாள் தாமதமாகப் போக, தாளாளர் கூப்பிட்டு மிகவும் அன்பாகப் பேசினாராம். "திங்கட்கிழமை வரைக்கும் பார்க்கறேம்மா. முடியலைன்னா சங்கடப்படாம சொல்லிடு. என் தங்கச்சி பொண்ணு டிரெய்னிங் முடிச்சிட்டு வீட்லதான் இருக்கா."

இசைவு மையத்துக்குச் சொந்தக் கட்டடம் இல்லை. ஊருக்கு வெளியே ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். மண்டபத்து முதலாளி ஒரே ஒரு நிபந்தனையோடுதான் கொடுத்திருந்தார் என்பது வாசல் பலகையிலேயே தெரிந்தது: 'முகூர்த்த நாட்களில் அலுவலகம் இயங்காது.'

உள்ளே போனால் சாப்பாட்டுக் கூடத்தில் காத்திருக்க வேண்டும். நீள மேசைகளுக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். ஒரு லாரிக்காரர் பழக்கத்தில் தண்ணீர் டம்ளரைத் தேடினார். புகைப் பிரிவு 'மணமகன் அறை' என்ற பெயர்ப்பலகை உள்ள அறையில் இருந்தது. ஒலிப் பிரிவு 'மணமகள் அறை'யில். இரண்டுக்கும் நடுவில் ஒரு சுவர். ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்குக் கடிதம் போனால் சமையல்கட்டு வழியாகத்தான் போகும். தபால் பிரிவு அங்கேதான் இருந்தது.

மணமகன் அறையில் இராஜமாணிக்கம் என்ற அதிகாரி ஆளுயரக் கண்ணாடிக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். பேசும்போது எங்களைப் பார்க்காமல் கண்ணாடியில் தெரிந்த எங்களைப் பார்த்துப் பேசினார். எழுந்து வந்து காரைச் சோதித்தார். புகை நன்றாக இருந்தது. பானெட்டுக்குள் தலையை விட்டார்.

"காற்று பம்ப் இருக்கு. நல்லது. இது காரோட நுரையீரல். இது இல்லேன்னா நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

"சார், புகை டெஸ்ட் பண்ணீங்களே, அப்ப இந்த பம்ப் ஓடுச்சுங்களா?" என்று அப்பா கேட்டார்.

"இன்ஜின் சூடான பிறகுதான் டெஸ்ட். அப்ப பம்ப் ஓடாது."

"அப்ப இது இருந்தாலும் இல்லாட்டியும்..."

"இருக்கணும்" என்றார் கண்ணாடியைப் பார்த்து. "ஓடற நேரத்துல நாங்க பார்க்கறதில்ல. பார்க்கிற நேரத்துல ஓடறதில்ல. ஆனா இருக்கணும். அதான் விதி."

மணமகள் அறையில் தேவிப்ரியா மேடம். அங்கேயும் கண்ணாடி இருந்தது. இதுவரை அந்த அறையில் தயாரான மணப்பெண்கள் எல்லாரும் ஒட்டிவிட்டுப் போன ஸ்டிக்கர் பொட்டுகள் அதில் அம்மை போட்டது போல் நிறைந்திருந்தன. மேடம் ஒலி அளக்கிற கருவியோடு வெளியே வந்தார். அப்பா சாவியைத் திருப்பினார். வீட்டிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்த வண்டி, சூடாக இருந்தது. பம்ப் மூச்சு விடவில்லை.

"பரவாயில்லையே, பழைய வண்டி, சத்தமே இல்ல" என்று மேடம் பேனாவை எடுத்தார்.

எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அப்பா ஞாயிற்றுக்கிழமை சபையில் நின்று வேதபாடம் வாசிக்கிறவர். கேட்காத கேள்விக்கும் உண்மையைச் சொல்லிவிடுவார்.

"மேடம், இப்ப சத்தம் வரலீங்க. வண்டி ஆறிப்போயிருந்தா மட்டும் ஒரு நிமிசம் பம்ப் கத்தும்ங்க."

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். மேடத்தின் பேனா நின்றது.

"கத்துமா? அப்படின்னா நான் இப்ப கேட்டது சத்தமில்லாத சத்தம். கேட்காத சத்தத்துக்கு நான் எப்படிங்க கையெழுத்துப் போடறது? அரசாங்கத்தை ஏமாத்தச் சொல்றீங்களா? வண்டியை ஆற வெச்சிக் கொண்டாங்க."

"ஆற வெச்ச வண்டிய ஓட்டிகினு வந்தா மறுபடி சூடாயிடுமேங்க?"

"அது உங்க பிரச்சினை" என்றார் மேடம். தயவாகத்தான் சொன்னார்.

அடுத்த முறை குட்டி யானை மினி லாரி ஒன்றைப் பிடித்து, கயிறு கட்டி, காரை இழுத்துக்கொண்டு போனோம். இன்ஜின் ஐஸ் மாதிரி இருந்தது. ஆனால் மணமகன் அறையிலிருந்து இராஜமாணிக்கம் எட்டிப் பார்த்துவிட்டார். "கயிறு கட்டி வந்தா அது ஓடாத வாகனம். ஓடாத வாகனத்துக்கு இங்க சோதனை கிடையாது. ஓடும்னா ஓட்டிகினு வாங்க." அப்பா கயிற்றை அவிழ்த்துவிட்டு வண்டியைக் கிளப்பிக் காட்டினார். பம்ப் ஊளையிட்டது. மணமகள் அறை பூட்டியிருந்தது. மேடம் சாப்பிடப் போயிருந்தார். அவர் கை கழுவிவிட்டு வருவதற்குள் ஒரு நிமிடம் முடிந்துவிட்டது.

அதற்கும் அடுத்த முறை கமலக்கண்ணன் பம்ப்பைக் கழற்றி ஒரு சாக்குப் பையில் போட்டுக் கொடுத்தார். "இந்தாங்க அண்ணே, இதுக்கு மேல எவன் கத்தறான்னு பாப்போம்." மேடம் பரம திருப்தியோடு கையெழுத்துப் போட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் இராஜமாணிக்கம், காலியான இடத்தில் விரலை விட்டுப் பார்த்து, "நுரையீரல் எங்கய்யா?" என்றார். அப்பா சாக்குப் பையைத் தூக்கிக் காட்டினார். "உறுப்பு உடம்புக்குள்ள இருக்கணும்" என்று போட்டிருந்த கையெழுத்தையும் செல்லாததாக்கிவிட்டார்.

அன்றைக்குத்தான் அக்கா வாயைத் திறந்தாள். இரண்டு அறைக் கதவுக்கும் நடுவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று பேசினாள்.

"மேடம், பம்ப் வெச்சா நீங்க விடமாட்டேங்கறீங்க. எடுத்தா சார் விடமாட்டேங்கறாரு. ரெண்டு பேரும் ஒரே வாசல்லதானே வர்றீங்க? ஒருதடவை பேசிக்கக் கூடாதா?"

"பேசிக்கிறதுக்குப் படிவம் இருக்குங்க" என்றார் மேடம். "நிரப்பி சமையல்கட்டுல குடுத்தா அவருக்குப் போயிடும்."

கடைசியில் மேடமே ஒரு வழி சொன்னார். சனிக்கிழமை சாயங்காலம் பம்ப்போடு காரைக் கொண்டுவந்து மண்டபத்து போர்ட்டிகோவில் நிறுத்திவிட வேண்டும். பானெட்டில் 'குளிர்நிலையில் உள்ளது, தொடாதீர்' என்று ஒரு காகிதம் ஒட்டி முத்திரை வைப்பார்கள். ஞாயிறு முழுக்க ஆறும். திங்கள் காலை முதல் வேலையாக இரண்டு பிரிவும் சேர்ந்து கேட்கும். திங்கள்தான் தாளாளர் சொன்ன கெடுவும். காருக்கும் அதுதான் கடைசி நாள்.

"ரெண்டு பிரிவும் சேர்ந்தா!" என்று அப்பா வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னார். அம்மா, "எப்பதான் ஆறுமோ, அந்தக் காரும் நம்ம வயிறும்" என்றாள்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அப்பாவுக்கு மனது கேட்கவில்லை. காரைப் பார்த்துவிட்டு வரலாம் என்று எங்களை ஷேர் ஆட்டோவில் அழைத்துக்கொண்டு போனார். தூரத்திலிருந்தே நாதஸ்வரம் கேட்டது. வாசலில் வாழைமரம். போர்ட்டிகோவில் எங்கள் காரைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் ஒரு பூக்குவியல் இருந்தது. கிட்டே போய்ப் பார்த்தால் அதற்குக் கீழேதான் எங்கள் கார். முன்கண்ணாடிக்கு மேல் 'பாலமுருகன் – பானுப்ரியா' என்று தெர்மாகோல் எழுத்து. முத்திரை வைத்த காகிதத்தின் மேல் ரோஜா மாலை.

"அண்ணே, நான் இன்னா பண்றது?" என்று வாட்ச்மேன் பழனி ஓடி வந்தார். "பூக்காரன் வந்தான், போர்ட்டிகோல காரு நின்னுகினு இருந்துச்சி, கட்டிட்டான். அவங்க புக் பண்ண காரு களம்பூர்லயே பஞ்சராயி நிக்குதாம்."

மணப்பெண் மண்டபத்து முதலாளியின் மகள். முதலாளியே அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, பூ வெச்ச வண்டி. அதை அவுத்து இன்னொண்ணுக்குக் கட்டினா நல்லாவா இருக்கும்? பொண்ணு மாப்ளைய களம்பூர்ல விட்டுட்டு வந்துடுங்க. ஜல்தி, நல்ல நேரம் முடியப் போவுது."

"இது ஆபீசுக்காக ஆற வெச்சிருக்கிற வண்டிங்க."

"ஆறினது போதும்ங்க. ஓடுமில்ல?"

பெண்ணும் மாப்பிள்ளையும் ஏற்கனவே பின் சீட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். அப்பா யாரிடமும் முடியாது என்று சொல்லிப் பழகாதவர். உட்கார்ந்து சாவியைத் திருப்பினார்.

பம்ப் நன்றாக ஆறியிருந்தது. அதனால் நன்றாகவே கத்தியது. போர்ட்டிகோவின் கூரையில் பட்டுத் திரும்பி வந்து இரண்டு மடங்காகக் கத்தியது. மணப்பெண் மாப்பிள்ளையின் தோளைக் கட்டிக்கொண்டாள். நாதஸ்வரம் பாதியில் நின்றது. கூட்டம் பயந்து பின்வாங்கியது. அப்போது தவில்காரர் ஒரு காரியம் செய்தார். முகூர்த்தத்தில் தும்மலோ அழுகையோ காதில் விழக் கூடாது என்றுதான் கெட்டிமேளம் வாசிக்கிறார்கள். அந்த ஊளையை மறைக்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். அடி பின்னிவிட்டார். கெட்டிமேளம் கேட்டதும் கூட்டத்தின் கைகள் தானாகத் தட்டைத் தேடின. மிச்சமிருந்த அட்சதை எல்லாம் எங்கள் கார் மேல் வந்து விழுந்தது.

அட்சதை போட்டவர்களில் காருக்கு இந்தப் பக்கம் தேவிப்ரியா மேடம் நின்றிருந்தார், ஆரணிப் பட்டில். அந்தப் பக்கம் இராஜமாணிக்கம், பட்டு வேட்டியில். வாடகைக்கு இருப்பவர்கள் என்று முதலாளி அழைத்திருந்தார். அவர்கள் இருவரும் ஒரே வேலையைச் சேர்ந்து செய்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. வீடியோக்காரர் இருவரையும் நன்றாகப் பதிவு செய்துகொண்டார்.

அப்பா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "மேடம்! சார்! கேட்டீங்களா? இதாங்க அந்த சத்தம்!" என்று கத்தினார்.

மேடம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நான் இன்னிக்கு விருந்தாளிங்க. விருந்தாளி காதுல விழுந்தது ஆபீஸ் காதுக்குப் போகாது."

"நானும் சாப்பிட்டுகினு இருக்கும்போது கேட்டதா வெச்சிக்கோங்க" என்றார் இராஜமாணிக்கம்.

திங்கள் காலை. களம்பூரிலிருந்து திரும்பி வந்து நின்ற கார், பூவோடு மறுபடி ஆறியிருந்தது. கருவி வந்தது. இரண்டு பிரிவும் வந்தது. அப்பா சாவியைத் திருப்பினார். ஒரு நிமிடம் மண்டபம் அதிர்ந்தது.

"எனக்கு முழுத் திருப்தி" என்றார் இராஜமாணிக்கம். "நுரையீரல் இருக்கு, வேலை செய்யுது."

"எனக்கு முழு அதிருப்தி" என்றார் மேடம். "அனுமதிச்ச அளவுக்கு மேல போயிடுச்சி. நிராகரிக்கிறேன்."

அக்கா சாப்பாட்டுக் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பை மடியில் இருந்தது. அதில் அன்றைக்குத் திருத்திக் கொடுக்க வேண்டிய மூன்றாம் வகுப்பு விடைத்தாள்கள். அப்பா காரிடம் போய் முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த அரிசியை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் பழனி போனை நீட்டிக்கொண்டு வந்தார். "சார், மேடம், பாத்தீங்களா? நம்ம முதலாளி ஸ்டேட்டஸ்ல நீங்கதான். சூப்பரா விழுந்துகிறீங்க!"

இரண்டு அதிகாரிகளும் எட்டிப் பார்த்தார்கள். போனில் எங்கள் கார் ஊளையிட்டது. மேடம் சிரித்த முகத்தோடு அட்சதை போட்டார். இராஜமாணிக்கம் குதிகாலில் எம்பிப் போட்டார். மறுபடி ஓட்டிப் பார்த்தார்கள். மறுபடியும் போட்டார்கள். ஊரெல்லாம் பார்த்துவிட்டதாகப் பழனி சந்தோஷமாகச் சொன்னார்.

"சார்" என்று மேடம் மெதுவாகக் கூப்பிட்டார். படிவம் இல்லாமலேயே கூப்பிட்டார். "கொஞ்சம் மேடைக்கு வாங்க."

மேடையில் கல்யாணத்துக்குப் போட்ட சிவப்பு நாற்காலிகள் இன்னும் இருந்தன. மாப்பிள்ளை நாற்காலியில் சாரும், பெண் நாற்காலியில் மேடமும் உட்கார்ந்து வெகுநேரம் பேசினார்கள். முடித்துவிட்டு எங்களைக் கீழே நிற்க வைத்தார்கள். மைக் இல்லாவிட்டாலும் மேடம் மைக்கில் பேசுவது போலப் பேசினார்.

"சட்டத்துக்குப் புறம்பான இரைச்சலுக்கு ஒரு அரசு அலுவலர் அட்சதை போடமாட்டார். நாங்க போட்டிருக்கோம். ஆகவே அது இரைச்சல் அல்ல. எங்க விதியில நாதஸ்வரம், தவில், கோயில் மணி, சர்ச் மணி இதெல்லாம் மங்கல ஒலி. அதுக்கு அளவு கிடையாது. உங்க பம்ப் ஒலியைப் பொதுமக்களும் அலுவலர்களும் மங்கல ஒலியா ஏத்துக்கிட்டது ஆதாரத்தோட தெரிய வருது."

"அதனால அனுமதி" என்றார் இராஜமாணிக்கம்.

அப்பா, "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றார். அது அவசரப்பட்டுச் சொன்னது. மேடம் இன்னும் முடிக்கவில்லை.

"அனுமதி மங்கல வாகனத்துக்கு. பம்ப் ஓடற நேரத்துல வண்டி மேல பூ இருக்கணும். உள்ள பட்டுப் புடவை, மாலையோட ஒரு மணமகள் இருக்கணும். ராகு காலம், எமகண்டத்துல கிளப்பக் கூடாது."

"நாங்க அதெல்லாம் பார்க்கறதில்லீங்க, நாங்க சர்ச்சுக்குப் போறவங்க" என்றார் அப்பா.

"நீங்க பார்க்க வேணாம். வண்டி பார்த்தா போதும்."

அன்று அக்கா மதிய மணி அடிப்பதற்கு முன்னால் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தாள். முன்தினத்துப் பூ வாடியிருந்தாலும் பூதான். வீட்டிலிருந்து வரவழைத்த அம்மாவின் கல்யாணப் பட்டை உடுத்தியிருந்த புடவைக்கு மேல் சுற்றிக்கொண்டு, பழனி கொடுத்த கழித்துப்போட்ட மாலையைப் போட்டுக்கொண்டு போனாள். தாளாளர் வாசலில் நின்றிருந்தார். அவர் சொல்ல வைத்திருந்ததை எல்லாம் மறந்துவிட்டு, "வாழ்த்துகள்மா" என்றார்.

அதிலிருந்து தினமும் இதுதான். விடிந்ததும் அம்மா எல்லப்பன் வீட்டு வேலியில் பூப் பறிக்கிறாள். சத்தம் சட்டப்படியாவது வரட்டும் என்று அவரும் விடுகிறார். "பவுலு, பொண்ணு ரெடியா? தறிய நிறுத்தட்டுமா?" என்று தினமும் கேட்கிறார். திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது வரை ராகு காலம் என்பதால் ஏழு மணிக்கே கிளம்பிவிடுகிறார்கள். அக்காவின் பள்ளிப் புடவைகள் பெட்டியில் மடித்தபடி இருக்கின்றன. முப்பதைத் தாண்டியவளை எத்தனையோ பேர் பெண் பார்க்க வந்து, காலைப் பார்த்துவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அவள் ஊரிலேயே அதிக முறை கல்யாணக் காரில் போன பெண்ணாகிவிட்டாள்.

போன வாரம் பெரணமல்லூர் சாலையில் இராஜமாணிக்கம் திடீர்ச் சோதனைக்கு நின்றிருந்தார். கையைக் காட்டி நிறுத்தி, பூவைப் பார்த்தார், பட்டைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார். பின் சீட்டில் அக்காவுக்குப் பக்கத்தில் இருந்த காலி இடத்தைப் பார்த்தார்.

"மணமகன் எங்க?"

"நிபந்தனையில அது இல்லீங்க சார்" என்றாள் அக்கா.

அவர் சான்றை வாங்கி இரண்டு முறை படித்தார். உண்மையிலேயே இல்லை. மிகவும் வருத்தப்பட்டார். "பெரிய விடுபடல். அடுத்த தடவை புதுப்பிக்கும்போது சேர்த்துடணும்" என்று குறித்துக்கொண்டார்.

அப்பா வீட்டில் வந்து இதைச் சொன்னபோது அம்மா அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து கேட்டாள். "சேர்த்தா, அந்த ஆபீசே பார்த்து அனுப்புமா?" யாரும் சிரிக்கவில்லை. அம்மா கேட்டது நிஜமாகவே கேட்டது.

பள்ளியில் கார் நின்றதும் மூன்றாம் வகுப்பு மொத்தமும் ஓடி வரும். ஒருத்தி பையை வாங்கிக்கொள்வாள், ஒருவன் கதவைப் பிடித்துக்கொள்வான். அக்கா இரும்புக் காலை முதலில் இறக்கி, மாலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இறங்குவாள். இன்றைக்கு அந்தக் கதவுக்காரப் பையன் ரொம்ப நாளாக அடக்கி வைத்திருந்ததைக் கேட்டுவிட்டான்.

"டீச்சர், தெனமும் கல்யாணத்துக்குக் கெளம்பி வர்றீங்களே, மாப்ள எப்ப வருவாரு?"

அக்கா மாலையைக் கழற்றி அவன் கையில் கொடுத்தாள்.

"அவருக்கு இன்னும் எஃப்.சி. ஆகலடா. போய் இதைக் குடை மாட்ற ஆணியில மாட்டு. வாய்ப்பாடு எடுத்து வையுங்க எல்லாரும்."